பரு போய்விட்டது, கருமை போகவில்லை: காத்திருப்பதா, சீரமா, மருந்து கிரீமா, பீலா, லேசரா?

பரு அடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம் மட்டும் அப்படியே நிற்கும். தானாகப் போகும் என்று விட்டுவிடலாமா, சீரம் வாங்கலாமா, தோல் டாக்டரிடம் கிரீம் எழுதி வாங்கலாமா, இல்லை பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைப்பது), லேசர் என்று இறங்கிவிடலாமா? ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடும்.

தாடையோரம் பத்துப் பன்னிரண்டு தடங்களோடு பல வருடம் இருந்தவன் நான். லேசரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முயன்றிருக்கிறேன். ஒன்றில் நிஜமாகவே சூடுபட்டேன். அதைப் பீல் பகுதியில் சொல்கிறேன்.

## இது என்ன கறை?

பரு, எக்ஸிமா, பூச்சிக்கடி, தீக்காயம், சவரம் செய்த இடத்தில் உள்ளே வளைந்து வளரும் முடி என எதனால் தோல் சிவந்து வீங்கினாலும், உள்ளே நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அழற்சியின்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின், லூக்கோட்ரையீன் போன்ற ரசாயனங்கள் நிறமி செல்களையும் உசுப்பிவிடுகின்றன. அவை மெலனினை அளவுக்கு மீறித் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குள் தள்ளுகின்றன. மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் இந்தச் செல்கள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை, ஆனால் சுறுசுறுப்பு அதிகம். அதனால்தான் ஒருவருக்கு ஒரு வாரம் சிவந்து மறையும் பரு, இன்னொருவருக்கு ஆறு மாதம் கறையாக நிற்கிறது.

கறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது முக்கியம். மெலனின் மேல்தோலிலேயே தங்கினால் நிறம் பழுப்பாகத் தெரியும். மேல்தோல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் கறையும் மெல்ல மேலே வந்து உதிர்ந்துவிடும். இதற்குச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அழற்சி கடுமையாக இருந்து மேல்தோலின் அடிவரிசை சிதைந்துவிட்டால் மெலனின் உள்தோலுக்குள் சிந்திவிடும். அங்கே விழுங்கு செல்கள் அதைத் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கறை சாம்பல் அல்லது நீலம் பாய்ந்த நிறத்தில் தெரியும். மங்க வருடக்கணக்கில் ஆகும், முழுவதும் போகாமலும் இருக்கலாம். பல முகங்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தடம் சிவப்பாகவோ ஊதா கலந்தோ இருந்தால், தெளிவான கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் வெளிறி, எடுத்தவுடன் திரும்பி வந்தால் அது விரிந்த ரத்தக்குழாய்களின் நிறம். நிறமியைக் குறைக்கும் கிரீம்களுக்கு அங்கே வேலை இல்லை. விரலால் தடவினால் பள்ளமோ மேடோ தட்டுப்பட்டால் அது தழும்பு, அதன் சிகிச்சையே வேறு.

வேறு சில கருமைகளையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி படர்வது பெரும்பாலும் மங்கு (மெலாஸ்மா). கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால் இன்சுலின் கோளாறு இருக்கிறதா என்று ரத்தம் சோதிக்க வேண்டும். ஒரு மாத்திரை போடும்போதெல்லாம் அதே இடம் கறுத்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். முன்பு பருவோ புண்ணோ இல்லாத இடத்தில் தானாக வந்து, வடிவம் மாறிக்கொண்டோ ரத்தம் கசிந்துகொண்டோ இருக்கும் கரும்புள்ளியை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, அழற்சி அடங்கிவிட்டதா? வாரம் இரண்டு புதுப்பரு வந்துகொண்டிருக்கும் முகத்தில் பழைய கறையைத் துரத்துவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற வேலை. அப்புறம் ஆழம், பலன் தெரிய ஆகும் காலம், கர்ப்பம் அல்லது பாலூட்டல் இருக்கிறதா என்பது, டியூபின் மேல் எழுதாத மறைமுகச் செலவுகள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிக எடை கொடுப்பது ஒன்றுக்கு: அந்தச் சிகிச்சை தானே எவ்வளவு எரிச்சலைக் கிளப்பும்? எரிச்சலும் அழற்சிதான். அழற்சியால் வந்த கறைக்கு அழற்சி தரும் வைத்தியம் செய்தால் அது புதுக் கறையில் போய் முடியலாம். “எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

| வழி | எந்தக் கறைக்கு | எரிச்சல் அபாயம் | பொறுக்க வேண்டிய காலம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| சன்ஸ்கிரீனோடு காத்திருப்பது | மேல்தோல், பழுப்பு | மிகக் குறைவு | 6 முதல் 12 மாதம், சில சமயம் கூடுதல் | பொறுமை, தீரத் தீர வாங்கும் சன்ஸ்கிரீன் |
| கடைச் சீரம் | மேல்தோல் | குறைவு முதல் நடுத்தரம் | 3 முதல் 6 மாதம் | பாதியில் கைவிட்ட பாட்டில்கள் |
| டாக்டர் எழுதும் கிரீம் | மேல்தோல், கலப்பு | நடுத்தரம் | 2 முதல் 9 மாதம் | ஆரம்ப வாரங்களின் உரிதல், கண்காணிப்பு |
| பீல் | மேல்தோல் | கணிசமானது | பல அமர்வுகள் | முன்தயாரிப்பு, பின்கவனிப்பு |
| லேசர் | மற்றவை பலிக்காத ஆழக் கறை | அதிகம் | பல அமர்வுகள் | பெரிய தொகை, புதுக் கருமை |

## எந்த வழியிலும் கூடவே வருவது: சன்ஸ்கிரீன்

இதை ஒரு தனி வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. இது இல்லாமல் மற்ற ஐந்தும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கருமையைக் கிளப்புவது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீல, ஊதா முனை, மாநிறத் தோலையும் கறுப்புத் தோலையும் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதைத் தடுப்பது இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் சாயம் உள்ள சன்ஸ்கிரீன். வாங்கும்போது பொருட்பட்டியலில் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறதா என்று பாருங்கள். போன் திரை வெளிச்சத்துக்காகக் கவலைப்பட வேண்டாம், வெயிலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

எஸ்.பி.எஃப் (சன்ஸ்கிரீனின் தடுப்பு அளவு) 30 என்பது புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்பது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். இது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் வரும் கணக்கு. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இப்படிப் பூசினால் டியூப் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று ஒரு மாதம் பார்த்தாலே தெரிந்துவிடும். சிகிச்சையின் உண்மையான செலவு பல சமயம் இதுதான்.

## வழி 1: காத்திருப்பது

மேலோட்டமான பழுப்புக் கறைக்கு இது மதிப்புள்ள வழி. கை, கால், முதுகு போன்ற இடங்களில் உள்ள தடங்களுக்கும், குழந்தைகளுக்கும், கர்ப்ப காலத்தில் மருந்து வேண்டாம் என்பவர்களுக்கும், எதைத் தொட்டாலும் சிவக்கும் தோலுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் சும்மா இருப்பதும் காத்திருப்பதும் ஒன்றில்லை. காத்திருப்பதென்றால் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், கிள்ளாமல் இருக்க வேண்டும், கறைக்குக் காரணமான பருவுக்கோ நோய்க்கோ வைத்தியம் நடக்க வேண்டும். பருவை வரவிட்டுக்கொண்டு “கருமை தானாகப் போகும்” என்று இருந்தால், ஒன்று மங்குவதற்குள் மூன்று முளைத்திருக்கும். சாம்பல் நிறக் கறையும் காத்திருப்புக்கு அவ்வளவாக மசியாது. கல்யாணம், வேலை என்று நாள் குறித்தவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்கள் நல்ல கன்சீலர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

## வழி 2: கடையில் வாங்கும் சீரம்

நியாசினமைடு, மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போய்ச் சேருவதைக் குறைக்கிறது. 4, 5 சதவீதமே போதும். 10 சதவீதம் என்று போட்டிருந்தால் இருமடங்கு வேலை செய்யும் என்பதில்லை, சிலருக்கு முகம் சிவந்து சுள்ளென்று இருக்கும். நிதானமான பொருள், நிதானமான பலன்.

வைட்டமின் சி நல்ல பொருள்தான், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. தூய அஸ்கார்பிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். வெளிர் மஞ்சள் சீரம் அடர் பழுப்பாகிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். அது நன்றாக வேலை செய்ய அமிலத்தன்மையும் அதிகம் வேண்டும் என்பதால் மென்மையான தோலில் எரியும்.

கோஜிக் அமிலம் 1, 2 சதவீத அளவில் வரும். சிலருக்கு ஒவ்வாமையாகி அரிப்பு வரும், அதனால் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்க்காமல் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடைப் பொருட்களில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் எடுப்பது 10 சதவீத அசெலாயிக் அமிலம். பருவையும் பார்த்துக்கொள்ளும், கருமையையும் பார்த்துக்கொள்ளும். வழக்கத்துக்கு மேல் துள்ளும் நிறமி செல்களைத்தான் பெரிதும் அடக்கும், சுற்றியுள்ள நல்ல தோலை அதிகம் வெளுக்காது. முதல் சில வாரம் ஊசி குத்துவது போலக் கூச்சமோ அரிப்போ இருக்கலாம். தோல் சிவந்து உரிந்தால் இடைவெளி விடுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு என் அலமாரியில் ஒரு காலத்தில் வரிசையாக நின்றது. மூன்று வாரத்தில் பலன் தெரியவில்லை என்று அடுத்ததை வாங்குவேன். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பூசுவேன், முகம் எரிந்ததும் இரண்டையும் நிறுத்துவேன். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போனது. ஒரு சமயத்தில் ஒரு பொருள், குறைந்தது 12 வாரம் என்று வைத்துக்கொண்டிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

## வழி 3: டாக்டர் எழுதும் கிரீம்

பரு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, கருமையும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இந்த வழி. இரண்டுக்கும் ஒரே மருந்து உதவும் இடம் இது.

ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து). அடாபலீன் 0.1 சதவீதமும், 0.025 முதல் 0.1 சதவீதம் வரையிலான டிரெட்டினாயினும் மேல்தோல் புதுப்பித்தலை வேகப்படுத்துகின்றன, பருவையும் அடக்குகின்றன. அழற்சிக்குப் பின் வரும் கருமைக்கு டிரெட்டினாயினைக் கறுப்புத் தோலில் சோதித்து 1993-இல் வெளியான ஆய்வு 40 வாரம் நடந்தது. அந்த 40 வாரம் என்ற எண்ணை நினைவில் வையுங்கள். இரண்டாவது மாதத்தில் மனம் தளரும்போது உதவும். அதே ஆய்வில் பலருக்கு மருந்தாலேயே தோல் சிவந்து உரிந்தது. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, மேலே மாய்ஸ்சரைசர் என்று தொடங்குவதே நல்லது. கர்ப்பமாக இருந்தாலோ, திட்டமிட்டிருந்தாலோ ரெட்டினாய்டு கூடாது.

அசெலாயிக் 15 முதல் 20 சதவீதம். கடைச் சீரத்தின் வலுவான அண்ணன். கர்ப்ப காலத்தில் டாக்டர்கள் துணிந்து எழுதும் சில மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஹைட்ரோகுவினோன். நிறம் குறைக்கும் மருந்துகளில் நெடுங்காலம் சோதிக்கப்பட்டது. மெலனின் தயாரிப்புக்கு வேண்டிய டைரோசினேஸ் என்ற நொதியை இது தடுக்கிறது. வழக்கமான வலு 2 முதல் 4 சதவீதம். வேகமாக வேலை செய்யும், ஆனால் கடிவாளத்தோடு பயன்படுத்த வேண்டிய மருந்து. கறையைத் தாண்டிப் பூசினால் சுற்றிலும் வெளிர் வளையம் விழும். வருடக்கணக்கில் பூசினால் ஓக்ரோனோசிஸ் என்ற நிலை வரலாம், அதாவது வெளுக்கப் போட்ட மருந்தே தோலை நீலங்கறுப்பாக்கும். அது வந்தால் போக்குவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் சரும நிறம் குறைக்கும் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது. அமெரிக்காவில் 2020-க்குப் பிறகு மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. டாக்டர் மூன்று மாதம் என்று எழுதினால் மூன்று மாதம்தான். அதே சீட்டை வைத்து நாமே நான்காவது டியூப் வாங்கக் கூடாது.

மும்மருந்துக் கிரீம். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தது. 1975-இல் அமெரிக்கத் தோல் டாக்டர் கிளிக்மன் வெளியிட்ட கலவையின் வாரிசுகள்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளன. டாக்டர் பார்வையில் சில வாரங்களுக்கு இது பயனுள்ள மருந்து. கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் உள்ளிருக்கும் ஸ்டீராய்டு முகத்தைக் கெடுத்துவிடும்.

## வழி 4: பீல்

கிளைகாலிக், சாலிசிலிக், மான்டலிக் போன்ற அமிலங்களைக் கணக்காகப் பூசி, மேல்தோலின் மேலடுக்கை உரியவைப்பதுதான் பீல். சாலிசிலிக் 20 முதல் 30 சதவீதம் வரை போடுவார்கள், எண்ணெய் வழியும் பருத் தோலுக்கு அது பொருந்தும். மான்டலிக் மூலக்கூறு பெரிது, மெல்லத்தான் இறங்கும் என்பதால் மென்மையான தோலுக்கு முதல் முயற்சியாகச் சரி. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பல அமர்வுகள் ஆகும்.

இனி என் கதை. கிரீமின் வேகம் போதவில்லை என்று ஓர் இடத்தில் பீல் செய்துகொண்டேன். என்ன பூசுகிறீர்கள் என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. முந்தின இரவுவரை டிரெட்டினாயின் பூசியதை நானும் சொல்லவில்லை. தாடையில் இரண்டு பரு சிவந்து நின்றது, அதன் மேலேயே அமிலம் போனது. எரிகிறது என்றேன், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் தோல் பொருக்காகி, இரண்டாவது வாரம் உரிந்தபோது கீழே முன்பைவிடக் கறுத்த இரண்டு திட்டுகள். பருவின் கறை அடுத்த ஐந்து மாதத்தில் போய்விட்டது. பீலின் கறை மங்கப் பதினான்கு மாதம் ஆனது.

தவறு பீல் என்ற முறையில் இல்லை. ரெட்டினாய்டைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், சில வாரம் கிரீமால் தோலைத் தயார்படுத்தியிருக்க வேண்டும், குறைந்த வலுவில் தொடங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றையும் பற்றிக் கேட்காமல் நாற்காலியில் உட்காரச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் செய்துகொள்ள விற்கும் வலுவான பீல் பாட்டில்களும் வேண்டாம். கிரீமில் மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் போட்டும் மேல்தோல் கறை பாதியிலேயே நின்றுவிட்டால், புதுப்பருவும் இல்லாவிட்டால், அப்போது தோல் டாக்டரின் கையால் பீல் நியாயமான அடுத்த படி.

## வழி 5: லேசர்

விளம்பரத்தில் முதலில் வருவது, வரிசையில் கடைசியில் வர வேண்டியது. நிறமி ஒளியை உறிஞ்சி வெடிப்பதுதான் இதன் தத்துவம். மாநிறத் தோலில் கறையைச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் மெலனின் நிறையவே இருப்பதால், அதுவும் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டுக்குத் தோல் தரும் பதில், மறுபடி கருமை. 1064 நானோமீட்டர் அலைநீளம் ஆழமாக இறங்கும், மேல்தோல் மெலனினில் குறைவாகவே மாட்டும் என்பதால் அடர்நிறத் தோலுக்கு அதைக் குறைந்த சக்தியில் பயன்படுத்துகிறார்கள். 532 நானோமீட்டரிலும், ஐ.பி.எல் என்ற பளிச்சிடும் ஒளியிலும் அடர்நிறத் தோலுக்கு அபாயம் கூடுதல்.

வருடக்கணக்கில் அசையாத சாம்பல்நிறக் கறை, அடர்நிறத் தோலில் லேசர் செய்து பழகிய டாக்டர், காதோரம் போன்ற மறைவிடத்தில் சோதனை அடி அடித்துச் சில வாரம் காத்திருக்கும் நிதானம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். அப்போதும் எத்தனை அமர்வு, நடுவில் கறுத்தால் அதற்கு வைத்தியம் யார் செலவு என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

## பட்டியலில் சேர்க்காதவை

ஸ்டீராய்டு கலந்த “வெள்ளை கிரீம்” முதல் சில வாரம் அற்புதமாகத் தெரியும். பொறியே அதுதான். தொடர்ந்தால் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், பரு கொப்பளிக்கும். நிறுத்தினால் முகம் தீயாய்ச் சிவக்கும். பாதரசம் கலந்த கிரீம்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வீட்டில் உள்ள குழந்தைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். லேபிளில் கலோமெல், மெர்குரி என்றிருந்தாலோ, லேபிளே இல்லாமல் இருந்தாலோ தொடாதீர்கள்.

எலுமிச்சைச் சாறு கடும் அமிலம். அதோடு வெயிலில் போனால் அந்த வகைப் பழங்களில் உள்ள சோரலென் என்ற ரசாயனம் கொப்புளமும் கருந்திட்டும் உண்டாக்கலாம். பற்பசையும் சொரசொரப்பான ஸ்க்ரப்பும் தோலைப் புண்ணாக்குவதோடு சரி.

## பலனை எப்படி அளப்பது?

கண்ணாடியை நம்பாதீர்கள், தினமும் பார்க்கும் முகத்தில் மெதுவான மாற்றம் தெரியாது. தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாமல் நேராகவும் இரு பக்கவாட்டிலுமாக மூன்று படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதேபோல் எடுங்கள். 12-வது வாரத்தில் முதல் படத்தோடு ஒப்பிட்டு, விளிம்புகள் மங்கத் தொடங்கியிருந்தால் அதே வழியில் தொடருங்கள். ஒரு மாற்றமும் இல்லை, புதுப்பருவும் இல்லை என்றால் படங்களை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் அடுத்த படியைப் பேசுங்கள். நடுவில் எப்போதாவது கடுமையான எரிச்சலும் உரிதலும் ஒரு வாரத்தைத் தாண்டினால் 12 வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே நிறுத்திவிடுங்கள்.